காதால் பார்க்கும் சீரியல்கள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்ப்பவர் என்று யாரும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே காதில் வாங்குகிறோம். சீரியல் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால் ஒரு தொடர் நன்றாக இருக்கிறதா என்பதை நான் அதன் சத்தத்தை வைத்தே சொல்வேன். அடுப்பைப் பார்த்து நின்றபடியே கதை புரிகிறதா? யார் பேசுகிறார், கோபமா வருத்தமா என்று தெரிகிறதா? இருபது வருடங்களுக்கு மேல் இப்படிக் கேட்டு வந்ததில் மனதில் பட்டவை இவை.

முதலில் டைட்டில் பாட்டு. 1999-இல் தொடங்கிய 'சித்தி', 2002-இல் வந்த 'மெட்டி ஒலி' இரண்டுக்கும் இசை தினா, பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். கர்நாடக சங்கீத மேடையில் பாடுகிற குரலைத் தினசரித் தொடருக்குக் கொண்டுவந்து, தெருவில் போகிறவரும் முணுமுணுக்கிற மெட்டைக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் தூர்தர்ஷனில் பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' வந்தது. வயலின் கலைஞர் வி.எஸ்.நரசிம்மன் அதற்குப் போட்ட பாட்டை இன்றும் கச்சேரிகளில் கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பாட்டுகளுக்கு அலங்காரத்தைத் தாண்டி ஒரு வேலை இருந்தது. கொல்லைப்புறத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தன. கதையில் யாருக்கு என்ன பாடு என்பதைப் பல்லவியிலேயே சொல்லிவிட்டன.

இப்போது பல தொடர்களில் நேற்றைய காட்சி ஓடி முடிந்ததும் பெயர் ஒரு வீச்சில் வந்து போய்விடுகிறது. பாட்டு இருந்தாலும் நாலு வரி. விளம்பர நேரம் விலை போகிற காலத்தில் ஒன்றரை நிமிடம் பாட்டுக்குக் கொடுக்க மனம் வராதுதான், புரிகிறது. ஆனால் சீரியலுக்கென்று சொந்தமாகப் பாட்டு செய்த உலகம், இன்று பெயரைக்கூட சினிமாப் பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'சிறகடிக்க ஆசை' தொடரின் பெயர் 1992-இல் வந்த 'ரோஜா' படப் பாட்டின் 'சிறகடிக்கும் ஆசை' என்ற சொற்களை ஒட்டியது. 2020-இல் சன் டிவியில் தொடங்கிய 'கண்ணான கண்ணே' தன் பெயரை 'விஸ்வாசம்' பாட்டிலிருந்து பெற்றது. அந்தப் பாட்டைப் போட்ட இமான், சினிமாவுக்குப் பெரிதாக வருமுன் சீரியல்களுக்கு இசையமைத்தவர். 'சித்தி' தினாவும் பிறகு 'திருடா திருடி'யில் ஊரையே ஆட வைத்தார். புதிய இசையமைப்பாளர் ஒருவர் தமிழ்நாட்டின் எல்லா வீடுகளுக்கும் ஒரே வாரத்தில் போய்ச் சேர அன்று ஒரு வழி இருந்தது. அது குறுகிப்போனதுதான் பெரிய இழப்பு.

அடுத்தது பின்னணி இசை. இதில்தான் என் கோபம் முழுக்க. ஒருவர் அதிர்ச்சி அடைந்தால் இடி மாதிரி ஒரு சத்தம், அதே முகம் மூன்று முறை, மூன்று முறையும் அதே இடி. வசனத்தின் கடைசிச் சொல் அதில் மூழ்கிப்போகிறது. கொஞ்சம் காது மந்தமான பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள், அடுத்த காட்சியில் வீடே அதிரும். காதல் காட்சி என்றால் ஏதாவது சினிமாப் பாட்டின் இரண்டு வரி. பாட்டு நல்ல பாட்டுதான், ஆனால் கேட்டதும் மனம் அந்தப் படத்துக்குப் போய்விடுகிறது. கண்முன் நிற்கும் இந்த இருவரிடம் நிற்பதில்லை.

இசையே தேவைப்படாத குரல் என்றால் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துதான். ஆதி குணசேகரன் வாயைத் திறந்தால் பின்னால் ஒன்றும் ஒலிக்க வேண்டியதில்லை. தேனிப் பக்கத்துப் பேச்சு, சொல்லை இழுத்து நிறுத்தும் விதம், ஒரு செருமல். அவ்வளவிலேயே அந்த வீட்டுப் பெண்களுக்கு ஏற்படும் பயம் நமக்கும் வந்துவிடும். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் உடம்பு முடியாமல் போய் இறந்தார். அந்தச் செய்தி கேட்டு எங்கள் தெருவில் சொந்தக்காரர் போனதுபோல் பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த வேடத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். அவரும் கனமான குரல்காரர், குறை சொல்ல முடியாது. இருந்தாலும் காது பழைய குரலைத்தான் தேடியது. தொடரில் ஆள் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். என்னைப்போல் கேட்டுப் பழகியவர்களுக்கு முகம் மாறுவதைவிடக் குரல் மாறுவதுதான் பெரிய மாற்றம்.

'சிறகடிக்க ஆசை'யில் எனக்குப் பிடித்தது கார் ஓட்டும் முத்துவும் அப்பா அண்ணாமலையும் பேசும் காட்சிகள். அப்பாவாக வருபவர் ஆர்.சுந்தர்ராஜன். 'பயணங்கள் முடிவதில்லை' மாதிரி பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்த படங்களை எடுத்தவர். அவர் அவசரமில்லாமல் பேசும்போது பின்னணியும் அடங்கியிருக்கும், ஒரு வார்த்தை தப்பாது. அந்த வீட்டு மருமகள் ரோகிணியின் ரகசியத்தை மாதக்கணக்கில் இழுத்ததில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த இரண்டு பேருக்காகத்தான் இன்னும் சேனலை மாற்றாமல் இருக்கிறேன்.

பாட்டுப் போட்டிகளையும் விடாமல் கேட்கிறேன். 2006-இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' மேடையில் இசைக்குழு நேரடியாக வாசிப்பதுதான் அதன் உயிர். தபலாக்காரரும் புல்லாங்குழல்காரரும் பாடகருக்கு இடம் கொடுத்து வாசிப்பதைக் கவனித்துக் கேட்டால் அது தனிச் சுகம். ஜீ தமிழ் 'சரிகமப'வில் 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சிறுவர் பிரிவில் பட்டம் வென்றபோது அந்த மகிழ்ச்சி கடல் தாண்டியும் கேட்டது. இரண்டு நிகழ்ச்சிகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: பாட்டு முடியும்வரை நடுவர் முகத்தைக் காட்டி அழுகை வயலினை மேலே ஏற்றாதீர்கள். குழந்தையின் வீட்டுக் கஷ்டத்தைப் பாட்டுக்கு முன் அவ்வளவு நேரம் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை ஒரு வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடிய சங்கதியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் வீட்டில் கேட்கிற இன்னொரு பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஒரு உபயோகமான விஷயம். இடி சத்தத்தில் வசனம் புரியவில்லை என்றால் டிவியின் சவுண்ட் அமைப்பில் 'கிளியர் வாய்ஸ்', 'நியூஸ்' என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பேச்சு முன்னால் வந்து முழக்கம் குறையும். பாட்டு நிகழ்ச்சி வரும்போது மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தபலாவின் அடிநாதம் போய்விடும்.