பெயர் ஒட்டாத பையில் வரும் ‘கோழிப்பேன் மருந்து’: திருகோணமலைப் பக்கம் ஊர்க்கோழி வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் வீட்டு வளவில் பத்து, இருபது ஊர்க்கோழி வைத்திருப்பவர்களைத் தேடி இரண்டு சாமான் வருகின்றன. ஒன்று, பெயர் எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக் பையில் வெள்ளைத் தூள். “டயட்டம் மண், வெளிநாட்டுச் சரக்கு, முழுக்க இயற்கை” என்று சொல்லி ஒரு கிலோவை 1,800 ரூபாவுக்குத் தருகிறார்கள். டயட்டம் மண் என்பது நுண்ணிய நீர்ப்பாசிகளின் ஓடு படிந்து உண்டான, பூச்சி கொல்லப் பாவிக்கிற தூள். மற்றது, முதுகில் மருந்துத் தாங்கியோடு ஆளே வந்து அடித்துவிட்டுப் போவது. “ஒருக்கா அடிச்சால் ஆறு மாசத்துக்குப் பேன் எட்டியும் பாராது” என்பது அவருடைய உத்தரவாதம். இரண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று. பேன் போகவில்லை, கோழிக்குத்தான் சேதம். விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. அடுத்த கிழமை இதே சாமானோடு வேறொருவர் வருவார், ஆகவே சாமானை அடையாளம் காணும் வழியைச் சொல்கிறோம்.

முதலில் தூள். கூட்டுக்குள்ளும் கோழியின் இறகுக்குள்ளும் தூவிய இரண்டாம் நாளே கோழிகள் கண்ணை மூடி மூடித் திறந்தன, கண்ணோரம் நீர் வடிந்தது, பாதத்தின் அடித்தோல் வெடித்தது. மிச்சத் தூளைச் சோதித்துப் பார்த்ததில் விஷயம் வெளிச்சமானது. சோதனைக்குக் குசினிச் சாமானே போதும். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கலக்கி, அதில் அரைத் தேக்கரண்டி வெள்ளைத் தூளைப் போட்டுக் கிண்டுங்கள். மஞ்சள் நிறம் செங்கல் சிவப்பாக மாறினால் அது சுண்ணாம்பு, அல்லது சாம்பல் கலந்தது. ஆரத்திக்குக் கரைக்கிற அதே சிவப்புத்தான். இன்னொரு கரண்டித் தூளில் தேசிக்காயைப் பிழியுங்கள், அல்லது வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சோக்குத்தூள் அல்லது சுண்ணக்கல் மா. உண்மையான டயட்டம் மண் சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். அது சிவக்காது, பெரிதாகப் பொங்காது, சேறாகக் குழைந்து கிடக்கும். நாங்கள் பிரித்த பை போட்ட உடனேயே சிவந்தது. ஹாட்வெயார் கடையில் வெள்ளையடிக்க வாங்குகிற நீற்றுச் சுண்ணாம்புக்குத்தான் 1,800 ரூபா போயிருக்கிறது.

சுண்ணாம்பைக் கூட்டுச் சுவருக்குப் பூசுவது பழைய, நல்ல வழக்கம். கரைத்துப் பூசிக் காய்ந்தபின் இடுக்கை அடைத்துவிடும். அதையே உலர்ந்த தூளாகக் கோழியின் உடம்பில் தூவினால், ஈரம் பட்ட இடமெல்லாம் பொசுக்கும். கண், மூக்கு, மலவாய், பாதம் எல்லாம் ஈரமான இடங்கள்தானே. தூவியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டி எடுத்துவிட்டு, கண்ணைச் சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். கண் வெண்படலம் போட்டிருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு போவதுதான் வழி.

அசல் டயட்டம் மண்ணே கிடைத்தாலும் இந்த ஊரில் அதற்கொரு வரம்பு உண்டு. பூச்சியின் தோலிலுள்ள மெழுகுப் படலத்தைச் சுரண்டி உறிஞ்சி, அதைக் காயவைத்துக் கொல்வதுதான் அதன் வேலை. தான் காய்ந்திருந்தால்தான் அது வேலை செய்யும். கச்சான் அடிக்கும் மாதங்களில் சரி. ஐப்பசி, கார்த்திகை மாரியில் கூடு நசநசவென்று இருக்கும்போது அது வெறும் மண். இன்னொன்று, நீச்சல் தடாக வடிகட்டிக்கென்று விற்கும் டயட்டம் மண் சூளையில் சுட்டது. பளிங்குச் சிலிக்கா அதிகம், மூச்சோடு போனால் ஆளுக்கும் கோழிக்கும் நுரையீரல் கெடும். தீவனத் தரம் என்று உறையில் எழுதியிருக்க வேண்டும். எதைத் தூவினாலும் வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டுங்கள்.

இனி மருந்தடிக்க வந்தவர். வந்தார், கோழிகளைக் கூட்டோடு வைத்து மேலால் நனைத்தார், காசை வாங்கினார். ஒரு கோழியைத் தூக்கி இறகை விலக்கிப் பார்க்கவில்லை. கோழி ஏறிப் படுக்கிற தடியைத் தொடவுமில்லை. அங்கேயே விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் நாம் ‘பேன்’ என்று சொல்வதில் இறகுப்பேனும் உண்டு, மிகச் சின்ன உண்ணிகளான சிற்றுண்ணிகளும் உண்டு, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

இறகுப்பேன் வைக்கோல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியும் அளவில், மலவாயைச் சுற்றி ஓடும். முட்டைகளை இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டி வைக்கும். பகலிலும் கோழியில்தான் இருக்கும். வெப்ப நாட்டுக் கோழிச் சிற்றுண்ணியும் பெரும்பாலும் கோழி மேலும் முட்டைப் பெட்டியிலும் இருக்கும். மலவாய் இறகு அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தால் அதைச் சந்தேகிக்கலாம். மைனாவும் குருவியும் கிடுகுக் கூரைக்குள் கூடு கட்டினால் அதுவும் கூடவே வரும். செஞ்சிற்றுண்ணி அப்படியல்ல. பகல் முழுக்கத் தடியின் அடிப்பக்கம், பலகை மூட்டு, ஆணித் துளை, கிடுகு மடிப்பு என்று ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியை எவ்வளவு நனைத்தாலும் அதன் மேல் ஒரு துளி படாது.

செஞ்சிற்றுண்ணியைப் பிடிக்க இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ரோச் லைட்டோடு போக வேண்டும். வெள்ளைத் துணியைத் தடியின் அடிப்பக்கத்தில் அழுத்தி ஒரு இழுவை இழுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அது நசுங்கிய உண்ணியின் வயிற்றிலிருந்த கோழி இரத்தம். பகலில் பார்ப்பதானால் மூட்டுகளில் உப்பும் மிளகும் கொட்டியது போல ஒரு படிவு தெரியும். நெளி அட்டைப் பெட்டியைக் கைநீளத் துண்டாக வெட்டிச் சுருட்டித் தடியின் கீழ் கட்டி, இரண்டு நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்தாலும் உள்ளே கூட்டமாக இருக்கும். பார்த்ததும் எரித்துவிடுங்கள். பின்னேரம் கோழி கூட்டுக்குள் போக மறுத்து மரத்தில் ஏறுவது, கொண்டை வெளிறுவது, அடைக்கோழி முட்டையை விட்டு எழும்பி ஓடுவது, முட்டை ஓட்டில் சிறு இரத்தப் பொட்டு, இவையெல்லாம் இதன் அறிகுறி. அடையிலிருக்கும் கோழியும் குஞ்சும் இரத்தம் வற்றியே சாகும்.

‘ஒருக்கா அடிச்சால் போதும்’ என்பது ஏன் பொய் என்று பாருங்கள். நம்முடைய வெக்கையில் செஞ்சிற்றுண்ணி முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு ஏழு முதல் பத்து நாளில் வந்துவிடும். அடிக்கிற மருந்து ஓடித்திரிகிறதைக் கொல்லும், முட்டையைப் பெரும்பாலும் கொல்லாது. அன்று பின்னேரம் செத்த உண்ணியைக் காட்டினால் நமக்கும் சந்தோஷம், அவருக்கும் காசு. ஒரு கிழமை கழிய அடுத்த தலைமுறை தடியில் ஓடும். அப்போது அவருடைய கைபேசி வேலை செய்யாது. இறகுப்பேனுக்கு ஒரு வாழ்க்கைச் சுற்று மூன்று கிழமை, முட்டை பொரிக்க நாலு முதல் ஏழு நாள். ஆகவே சிற்றுண்ணிக்கு ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை, பேனுக்கு ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தடவை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் உத்தரவாதம் தருகிற யாரையும் வளவுக்குள் விடாதீர்கள். சில கிழமை கூட்டை வெறுமையாய்ப் போட்டாலும் நிச்சயமில்லை. செஞ்சிற்றுண்ணி தீனியில்லாமல் வெகு நாள் கிடக்கும்.

அவர் அடித்தது என்ன? கேட்டால் “வேப்பெண்ணெய்”. போத்தலில் பெயரில்லை. தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுத்தது, மூக்கில் மண்ணெண்ணெய் வாடை அறைந்தது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து பலதும் இப்படித்தான் இருக்கும். பால்போல வெளுப்பதை மட்டும் வைத்து இன்ன மருந்து என்று சொல்ல முடியாது, சவர்க்காரம் கலந்த வேப்பெண்ணெயும் வெளுக்கும். ஆனால் மண்ணெண்ணெய் வாடை வேப்பெண்ணெயிலிருந்து வராது. அடித்தபின் கோழி வாயில் நீர் வடிய நின்றாலோ, கால் தள்ளாடினாலோ, மூச்சு இழுத்தாலோ, நடுங்கினாலோ நஞ்சேறியிருக்கிறது. கையுறை போட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் இறகு முழுக்கக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும். அந்தக் கோழிகளின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். எத்தனை நாள் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இது நம்மூர் ஏமாற்று மட்டுமல்ல. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் செஞ்சிற்றுண்ணிக்கென்று, யூகலிப்டஸ் சேர்ந்த இயற்கை மருந்தென்ற பேரில் பண்ணைகளுக்கு அடித்த கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிகொல்லி இருந்தது தெரியவந்தது. உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு அங்கே தடைசெய்யப்பட்ட மருந்து அது. நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகளை மூடினார்கள், இலட்சக்கணக்கில் முட்டைகளை அழித்தார்கள். ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு அங்கேயும் அதே விலைதான்.

ஊசி போடுகிறேன் என்று வருபவர்களும் உண்டு. புழுவுக்கும் உண்ணிக்குமென்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் 1% ஊசியில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் அளவில் பார்த்தால் ஒன்றரைக் கிலோக் கோழிக்கு 0.03 மில்லிலீற்றர், அதாவது ஒரு சொட்டளவு. கோழிக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்று ஏற்றினால் ஏறக்குறைய பதினேழு மடங்கும் முப்பத்து மூன்று மடங்குமாகிறது. இரவில் கொஞ்ச நேரம் ஏறிக் குடித்துவிட்டு இறங்கும் செஞ்சிற்றுண்ணிக்கு அது பெரிதாக எடுபடுவதுமில்லை, முட்டையில் மிச்சமும் நிற்கும். வைத்தியர் சொல்லாமல் வேண்டாம்.

சரியான வேலை கூட்டிலிருந்து தொடங்குகிறது, பாதி மருந்தில்லாமலே முடியும். காலையில் கோழிகளைத் திறந்துவிட்டு, மரத்தூள், உமி, முட்டைப் பெட்டி வைக்கோல் எல்லாவற்றையும் அள்ளி எரியுங்கள். குவித்து வைத்தால் உண்ணி நடந்து திரும்பி வரும். தடிகளைக் கழற்றி வெளியே போடுங்கள். மூட்டு, ஆணித் துளை, பிணைச்சல் எல்லாவற்றிலும் கொதிதண்ணீரைக் கேத்தலால் மெதுவாக ஊற்றுங்கள். வாளியால் வீசினால் இடுக்குக்குப் போகுமுன் ஆறிவிடும். காய்ந்தபின் ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 மில்லி வேப்பெண்ணெய், 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரம் கலந்து, இடுக்கு நிரம்பி வழிய அடியுங்கள். சவர்க்காரத்தை எண்ணெயோடு முதலில் அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, தாங்கியில் முதலில் வெறும் தண்ணீர்தான் வரும். கிடுகுக் கூரைதான் பெரிய தலையிடி. அதைக் கழுவ முடியாது. உண்ணி கடுமையாய் இருந்தால் கிடுகை எரித்துவிட்டுத் தகரம் போட்டு, வெக்கைக்கு மேலே காவோலை பரப்பலாம். தடி சுவரில் முட்டாமல், நாலு காலில் தனியாக நிற்கட்டும். ஒவ்வொரு காலையும் எண்ணெய் விட்ட பேணிக்குள் வைத்தால் ஏறும் வழி அடைபடும். பழைய என்ஜின் ஒயிலைத் தடியில் பூசுகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். அது கோழியின் பாதத்திலும் இறகிலும் ஏறி உடம்புக்குள் போகும்.

கோழி மேல் மருந்து தேவையென்றால் பிராணிகளுக்கென்று பதிவான பெர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்தை உறையில் உள்ளபடி பாவியுங்கள். 0.05% கரைசல் சொல்லப்பட்டிருந்தால் 10% மருந்தில் லீற்றருக்கு 5 மில்லி, 5% மருந்தில் 10 மில்லி. சதவீதம் எழுதாத போத்தலில் இந்தக் கணக்கே போட முடியாது என்பதைக் கவனியுங்கள். மலவாயைச் சுற்றியும் செட்டைக்கு அடியிலும் தோல் நனைய வேண்டும், முதுகில் தெளிப்பது வீண். பூனை இருக்கிற வீட்டில் கவனம், பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. கோழி மண்ணில் புரண்டு குளிக்கிற குழிக்கு இரண்டு பங்கு உலர்ந்த மணல், ஒரு பங்கு சலித்த விறகுச் சாம்பல், மழை படாத இடத்தில். நனைந்த சாம்பல் காரம், மாற்றிவிடுங்கள்.

கால் செதில் தூக்கிச் சொரசொரத்துத் தடித்திருந்தால் அது வேறு உண்ணி, செதிலுக்கு அடியில் துளைத்திருப்பது. இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, துடைத்து, வாஸலீனோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள். மூன்று நாளுக்கொருமுறை, மூன்று நாலு கிழமை. செதிலைப் பிய்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

விற்றவர் கொடுத்த பையையோ போத்தலையோ எறிந்துவிடாதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவில்லாத பூச்சிமருந்தை விற்க முடியாது. பதிவான மருந்தின் உறையில் பதிவிலக்கமும் மருந்தின் பெயரும் சதவீதமும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். பையின் படம், கொடுத்த காசு, திகதி, பற்றுச்சீட்டு இருந்தால் அதுவும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடு முடியும்வரை போத்தலை இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கிணற்றடியிலோ கடற்கரை மணலிலோ ஊற்றிவிட வேண்டாம். உப்புவெளி, நிலாவெளி மண் சல்லடை மாதிரி, ஊற்றினது கிணற்றுக்குத்தான் இறங்கும்.