ரெடிமிக்ஸ் பூச்சு மூட்டை: நிலத்தடி அறையின் கோணல் சுவருக்குச் சரிவருமா?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். கொத்தனாரிடம் 'பேஸ்மெண்ட்' என்றால் கடைக்காலுக்கு மேல் எழுப்பும் மட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கே சொல்வது தரைக்குக் கீழே இருக்கும் அறையை. மேடும் பள்ளமுமான அந்தச் சுவரை முதன்முதலாகக் கரண்டி பிடிப்பவர் பூச, 40 கிலோ சிமெண்ட் ரெடிமிக்ஸ் மூட்டை நல்ல தேர்வுதான். மணல் சலிக்க வேண்டாம், கலவை விகிதம் தப்பாது. நீரைப் பிடித்துவைக்கும் பொருள் அதிலேயே கலந்திருப்பதால் சுவர் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சாது. பழகாத கைக்கு அந்தக் கூடுதல் அவகாசம் பெரிய உதவி. ஜிப்சம் மூட்டை இதைவிட வழுவழுப்பாக இழுக்க வரும். ஆனால் ஓதம் ஏறும் சுவரில் ஜிப்சம் ஊறி மெத்தென்றாகிவிடும், அங்கே வேண்டவே வேண்டாம்.

குறை எங்கே என்றால், மூட்டையில் போட்டிருக்கும் பரப்புக் கணக்கில். 12 மி.மீ. கனத்துக்கு ஒரு மூட்டை ஏறத்தாழ 20 சதுர அடி வரும். அதை நம்பி 10க்கு 10 அடிச் சுவருக்கு 5 மூட்டை வாங்கினால் பாதியில் நிற்கும். கோணல் சுவரில் சராசரிக் கனம் எளிதாக 20 மி.மீ. ஆகிவிடும், அப்போது மூட்டைக்கு 12 சதுர அடிதான், 9 மூட்டை வேண்டும். வாங்கும் முன் இரு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டி, இரண்டடிக்கு ஒரு இடத்தில் இடைவெளியை அளந்து பாருங்கள். எங்காவது ஒரு செங்கல் துருத்திக்கொண்டிருந்தால் முழுச் சுவரின் கனத்தையும் அதுதான் தீர்மானிக்கும். 5 மி.மீ. துருத்தலை உளியால் கொத்தி எடுத்தாலே இரண்டு மூட்டை மிச்சம்.

பூசுமுன் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் முத்து கோத்தால் மண்ணிலிருந்து ஈரம் வருகிறது. அதை அடைக்காமல் பூசினால் உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். எந்த மூட்டைப் பூச்சும் தனியாக நீர்க்காப்பு ஆகாது, கடைக்காரர் என்ன சொன்னாலும்.

பழைய சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம் சுரண்டி, வழவழப்பான கான்கிரீட்டில் உளியால் கொத்துவாய் போட்டு, தூசியைக் கழுவி, ஈரம் மினுங்காத பதத்தில் வேலையைத் தொடங்கலாம். முழு மூட்டையையும் ஒரே தடவையில் குழைக்காதீர்கள். தார்ப்பாயில் கொட்டி உலர்வாகவே புரட்டிவிட்டுக் கால் கால் பாகமாக எடுங்கள். மூட்டைக்குள் நைசான தூள் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். வாளியில் தண்ணீர் முதலில், தூள் பிறகு. இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கினால் பலம் போச்சு.

பள்ளங்களை மட்டும் முதல் நாள் நிரப்ப வேண்டும், ஒரு தடவைக்கு 12 மி.மீ.க்கு மேல் ஏற்றாமல். கனமாக அப்பினால் தன் எடையிலேயே தொய்ந்து, உள்ளே காற்று விட்டு, பின்னாளில் தட்டும்போது டொக்கென்று வெற்றோசை வரும். நிரப்பிய இடத்தைக் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறி விடுங்கள். மறுநாள் தூக்குக்குண்டு பார்த்து, ஐந்தடிக்கு ஒன்றாக மட்டப்புள்ளி (பூச்சின் கனத்தைக் காட்டும் சிறு சாந்துத் திட்டு) வைத்து, இடையில் சாந்து அப்பி, புள்ளிகளின் மேல் அலுமினியச் சட்டத்தை இடவலமாக அசைத்தபடி கீழிருந்து மேலே இழுங்கள். சட்டம் படாத குழியில் சாந்து போட்டு மறுபடி இழுக்க வேண்டும்.

விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், சாந்து விரலில் ஒட்டக்கூடாது. அப்போதுதான் மணியாசு கட்டையால் (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் கைப்பிடிப் பலகை) தேய்க்க வேண்டும். பளபளப்பு வரட்டும் என்று இரும்புக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் சிமெண்ட் பால் மேலே வந்து, காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு. மேலே வெறும் சிமெண்ட் தூவுவதும் அதே வினைதான்.

நிலத்தடியில் வெயில் இல்லையே என்று தண்ணீர் விடுவதைத் தள்ளிப் போடாதீர்கள். மறுநாளிலிருந்து 7 நாள் தெளிக்க வேண்டும். மிச்ச மூட்டையை அங்கேயே தரையில் கிடத்தினால் மழைக்காலத்தில் கட்டிதட்டிவிடும். பலகை மேல், மாடியில் வையுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் பழசானதை விட்டுவிடுங்கள்.