கியோட்டோவில் குளூட்டன் இல்லாத சுஷி

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள என் மகளுடன் கியோட்டோவில் ஒரு சிறிய சுஷி உணவகத்துக்குச் சென்றிருந்தேன். அரிசியும் மீனும்தானே என்று நம்பி நுழைபவர்களுக்கு முதல் தடை சோயா சாஸ்தான். வழக்கமான சோயா சாஸ் சோயா பீன்ஸுடன் கோதுமையையும் சேர்த்து நொதிக்க வைக்கப்படுவதால், தொட்டுக்கொள்ளும் கிண்ணத்தில் மட்டுமன்றி, விலாங்கு மீனின் மேல் பூசும் இனிப்புச் சாற்றிலும் குளூட்டன் கலந்துவிடுகிறது. அவளுடைய உணவுக் கட்டுப்பாட்டை ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையை நாங்கள் நீட்டியதும், சமையற்காரர் அதை நிதானமாகப் படித்து, கோதுமை சேராத தாமரி என்ற சோயா சாஸைப் புட்டியோடு எடுத்துவந்து மூலப்பொருள் பட்டியலைக் காட்டினார். பலகையையும் கத்தியையும் கழுவிய பிறகே மீனை நறுக்கினார். அந்தக் கவனத்துக்காகவே அங்கு மீண்டும் செல்வேன். சூரை மீன் மிக நன்றாக இருந்தது.

குறை ஒன்று உண்டு. கேட்காமலேயே மேசைக்கு வந்த குளிர்ந்த தேநீர் வறுத்த பார்லியில் ஆனது. ஜப்பானில் பொட்டல உணவுகளுக்கான ஒவ்வாமைக் குறிப்பு விதிகள் கோதுமையைக் கட்டாயமாக்குகின்றனவே தவிர பார்லியை அல்ல. எனவே கோதுமை இல்லை என்ற பதிலோடு நின்றுவிடாமல், பார்லி உண்டா என்றும் தனியே கேட்க வேண்டும். மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கும் இது பொருந்தும், ஏனெனில் பார்லி சேர்த்து நொதிக்க வைத்த மிசோவும் அங்கே புழக்கத்தில் உள்ளது. நாங்கள் அன்று சூப்பைத் தவிர்த்துவிட்டோம்.