டாஃபடில் கிழங்கும் பெயரில்லாத உரமும் வாங்குவோர் கவனத்திற்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள், அடுத்த ஏப்ரலில் டாஃபடில் என்னும் பூச்செடியின் கிழங்கு வாங்கப் புறப்படும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் ஹோவிக்கில் இருக்கிறேன். அக்கா டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். இருவரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வார இறுதிகளில் கடை விரிக்கும் ஒரு செடி வியாபாரியிடம் கிழங்கு வாங்கினோம். குளிரில் வைத்துப் பதப்படுத்திய முதல் தரக் கிழங்கு என்றும், ஆடிக் கூழ் ஊற்றும் நாளுக்குள் பூத்துவிடும் என்றும், பூக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அவர் உறுதி கூறினார். அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. கிழங்குக்கென்றே தயாரித்த சத்து என்று சொல்லி, ஓர் எழுத்தும் அச்சிடப்படாத பிளாஸ்டிக் பையில் அவர் விற்ற குருணை உரத்தையும் வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூவி வர வேண்டும். அந்தப் பையின் விலை ஏறக்குறைய கிழங்கின் விலைக்குச் சமமாக இருந்தது.

அவர் சொன்னபடியே எல்லாம் செய்தோம். ஆகஸ்டு கழிந்து செப்டம்பரும் பாதி ஓடியபோது என் பாத்தியில் இலை மட்டும் அடர்ந்து, கரும்பச்சையாய், தன் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. மொட்டு என்று ஒன்றுகூட இல்லை. அக்கா வீட்டில் பல கிழங்குகள் முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் கூழாகிக் கிடந்தன. வியாபாரியிடம் போய்க் கேட்டபோது, உரம் போதவில்லை, இன்னொரு பை வாங்கிப் போடுங்கள் என்றார். இலைகளை இப்போதே தரையோடு வெட்டிவிட்டால் கிழங்கு ஓய்வெடுத்து அடுத்த ஆண்டு நன்றாகப் பூக்கும் என்றும் சொன்னார்.

இந்த இரண்டு அறிவுரைகளும் தவறானவை. அவற்றுள் முதலாவதுதான் இந்த வியாபாரத்தின் ஆணிவேர் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். டாஃபடில் கிழங்கின் பூ, நாம் அதை நட்ட பிறகு உருவாவதில்லை. முந்தைய பருவத்துப் பூ முடிந்து, இலைகள் வெயிலில் உணவு சேர்த்து, மெல்ல மஞ்சளாகி வாடும் காலத்தையொட்டியே அடுத்த பூவின் கரு கிழங்குக்குள் தோன்றிவிடுகிறது. நம் நாட்டுக் கணக்கில் அது கோடையின் தொடக்கம். ஆகவே ஏப்ரலில் கடைக்கு வரும் கிழங்கில் அந்தக் குளிர்காலத்துக்குரிய பூ ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த உரத்தைக் கொட்டினாலும் அந்த ஆண்டு அதிலிருந்து பூ வராது. பாத்தியிலிருந்து எடுத்த ஒரு கிழங்கை நெடுக்காக நறுக்கிப் பார்த்தேன். நடுவில் பூந்தண்டு இருக்க வேண்டிய இடத்தில் இலைக்குருத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. வேர் புறப்படும் அடித்தட்டிலிருந்து செம்பழுப்பு நிறம் செதில்களுக்குள் ஏறியிருந்தது. அது ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் வரும் அடியழுகலின் அடையாளம். அதாவது, பூக்கும் வயதுக்கு வராத சிறு கிழங்குகளை, அவற்றுள்ளும் பல நோய்ப்பட்டவற்றை, முதல் தரம் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

நல்ல கிழங்கைக் கடையிலேயே கண்டுகொள்ள முடியும். பெரிய பூ விடும் வகைகளைச் சுற்றளவை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். 12 முதல் 14 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருப்பவற்றை வாங்குவது நல்லது. குள்ள வகைகளின் கிழங்கு இயல்பாகவே சிறியது என்பதால் இந்த அளவு அவற்றுக்குப் பொருந்தாது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். வேர் புறப்படும் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. எடுத்துப் பார்க்க விடாமல் பையைக் கட்டியே நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். எங்களுக்குக் கிழங்கு அப்படித்தான் தரப்பட்டது.

இனி அந்த உரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் முறை போனபோது, கடையின் பின்புறத்தில் ஒருவர் பெரிய சாக்கிலிருந்து அதே குருணையை அள்ளிச் சிறு பைகளில் நிரப்பிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சாக்கின் மேல் லான் (28) என்று அச்சிடப்பட்டிருந்தது. புல்தரைக்கும் சோளத்துக்கும் இடும் சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட் அது. அதில் 28 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இல்லை. டாஃபடிலுக்கு வேண்டியது நேர்மாறானது. தழைச்சத்து மிகுந்தால் இலை தழைத்துக் கிழங்கு மென்மையாகிறது, அழுகலுக்கும் அது வழி திறந்துவிடுகிறது. புதுக் கோழி எருவைக் கிழங்குப் பாத்தியில் போடக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. நடும்போது குழியடியில் சிறிது எலும்புத்தூள் கலந்தால் போதும். இலை தலைகாட்டியதும், இந்த மூன்று சத்தும் இதே வரிசையில் 3:1:5 என்ற விகிதத்தில் இருப்பது போன்ற, சாம்பல் சத்து மிகுந்த உரத்தைக் கொஞ்சமாக இட்டு, பூ முடிந்தபின் தக்காளிச் செடிக்கு விற்கும் திரவ உரத்தை இலை மஞ்சளாகும் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால், அது அடுத்த ஆண்டின் பூவுக்குப் போய்ச் சேரும். இந்த நாட்டில் விற்கும் உரம் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவெண்ணும் சத்து விகிதமும் பையின் மேல் இருக்க வேண்டும். அவை இல்லாத பையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இலையை வெட்டச் சொன்னது இதைவிடக் கொடியது. பூ முடிந்து குறைந்தது ஆறு வாரமாவது இலை வெயிலில் நின்றால்தான் கிழங்கு பருக்கும். வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டும் பூ இருக்காது, மீண்டும் அவரிடமே கிழங்கு வாங்கப் போக வேண்டியிருக்கும். இலைகளை முடிச்சுப் போட்டு வைப்பதும் வேண்டாம். வாடிய பூவின் தலையை மட்டும் கிள்ளிவிடுங்கள்.

அக்காவுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது, ஏனென்றால் சாட்ஸ்வொர்த்தில் அந்த வகையை அவருக்கு விற்றிருக்கவே கூடாது. டாஃபடிலின் தாயகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டது. வேர்விட்டபின் ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் குறைந்த குளிர் கிடைத்தால்தான் பூந்தண்டு ஒழுங்காக நீளும். டர்பனிலோ ஜூலைப் பகலிலும் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. குளிரூட்டிய கிழங்கு என்ற பேச்சும் நம்பத்தக்கதாக இல்லை. அவற்றைத் தகரக் கூரைக்கடியில் வெயிலில் அடுக்கி வைத்திருந்ததை நாங்களே பார்த்தோம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் குளிர் தேவைப்படாத பேப்பர்வைட் வகையைத் தொட்டியில் வளர்க்கலாம். ஹோவிக் போன்ற உயரமான ஊர்களில் உறைபனி உண்டு என்பதால் டாஃபடில் நன்றாகவே வரும். ஆனால் நம் மாகாணத்தில் மழை கோடையில்தான். குளிர்காலத்தில் நாம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இலை வாடியபின் கோடை மழையில் கிழங்கு ஊறாமல் காக்க வேண்டும். மேட்டுப் பாத்தி, இல்லையென்றால் தொட்டியைக் கூரையடியில் நகர்த்திவிடுவது எளிய வழி. அந்த வியாபாரி இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவருடைய விளம்பரத்தில் நீல டாஃபடில் படமும் இருக்கிறது. உண்மையான நீல டாஃபடில் உலகில் எங்கும் கிடையாது. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு ஆகியவற்றில்தான் வகைகள் உண்டு.

கிழங்கைப் பெயர்ச்சீட்டு இல்லாத பழுப்புக் காகிதப் பையில் கொடுத்ததால் வந்த ஆபத்தையும் சொல்ல வேண்டும். அக்கா வீட்டில் யாரோ அதை வெங்காயக் கூடையருகே வைத்துவிட்டார்கள். டாஃபடில் கிழங்கு நச்சுத்தன்மை கொண்டது; அதிலுள்ள லைகோரின் என்னும் நச்சுப்பொருள் கடும் வாந்தியை உண்டாக்கும், வேகவைத்தாலும் உண்ணத் தகுந்ததாகாது. 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, டாஃபடிலைக் காய்கறிகளுக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று பேரங்காடிகளைக் கேட்டுக்கொண்டது. பிள்ளைகளும் நாயும் உள்ள வீடுகளில் இது அலட்சியம் செய்யத் தக்கதன்று.

பணத்தைக் கேட்டபோது, முப்பது நாளுக்குப் பின் எதையும் திரும்பப் பெறுவதில்லை என்ற பலகையைக் காட்டினார். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. பணமா, மாற்றுப் பொருளா என்பது வாங்கியவரின் விருப்பம். கடைப் பலகை அந்த உரிமையைப் பறிக்க முடியாது. ரசீது, நறுக்கிய கிழங்கின் படங்கள், அவர் கைப்பேசியில் அனுப்பிய உறுதிமொழி ஆகியவற்றை இணைத்து எழுத்தில் கேட்டபின் கிழங்கின் பணம் வந்தது. உரத்தின் பணத்தை, பயன்படுத்திவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார். அதற்காக நுகர்பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போன்ற பையை வாங்கியவர்கள் மீதமுள்ள குருணையைக் கொட்டிவிடாமல் மூடி வைத்திருங்கள். உங்கள் புகாருக்கு அதுவே சான்று.