இரண்டரை டாலர் தங்கக் காசு: படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

பழைய அமெரிக்கத் தங்கக் காசு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எல்லாரும் கைகாட்டுவது சிற்பி செயின்ட் கோடென்ஸ் வடித்த இருபது டாலர் காசைத்தான். அழகுதான், மறுக்கவில்லை. விலையைக் கேட்டபின் அந்த அழகு கொஞ்சம் மங்கிவிடுகிறது. நான் வாங்கியது 1911இல் பிலடெல்பியாவில் அடித்த இரண்டரை டாலர் ‘இந்தியத் தலை’, அதாவது செவ்விந்தியர் தலை பொறித்த காசு. குறுக்களவு 18 மில்லிமீட்டர், எடை 4.18 கிராம், அதாவது அரைப் பவுனுக்குச் சற்று மேல். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம், மீதி செம்பு.

வழக்கமாகக் காசில் உருவம் மேடாக எழுந்து நிற்கும், சுற்று விளிம்பு அதைக் காக்கும். இந்தக் காசிலும் இதே அச்சமைப்பில் வந்த ஐந்து டாலரிலும் எல்லாம் தலைகீழ். இறகுக் கிரீடம் அணிந்த செவ்விந்தியரும் பின்பக்கத்துக் கழுகும் தங்கத்துக்குள் அமுங்கியிருக்கிறார்கள். உயர்ந்த விளிம்பே கிடையாது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ, எகிப்தியச் சிற்பங்களை மனத்தில் வைத்துச் சொன்ன யோசனை இது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பிடித்துப்போக, சிற்பி பேலா லயன் பிராட் வடித்துக் கொடுத்தார். 1908இல் காசு வெளிவந்ததும் பிலடெல்பியா நாணய வணிகர் சாமுவேல் சாப்மன் அதிபருக்கே கடிதம் எழுதிவிட்டார்: பள்ளத்தில் அழுக்குச் சேரும், நோய் பரவும், அடுக்கினால் சரியாக நிற்காது, போலி செய்வதும் எளிது. போதாக்குறைக்குச் செவ்விந்தியர் மெலிந்திருக்கிறார் என்றும் ஒரு புகார்.

அழுக்கு விஷயத்தில் மனிதர் சொன்னது உண்மை. என் காசில் இறகுகளின் இடுக்கில் மெல்லிய கரிய கோடு படிந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வோர் இறகும் தனித்தனியாக எடுபடுகிறது. யாரும் தேய்த்துக் கழுவாமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

வாங்குபவரைக் குழப்புவது வேறு. உருவம் பள்ளத்தில் பத்திரமாக இருக்க, முதலில் உரசல் படுவது அதைச் சுற்றியிருக்கும் வெற்றுப் பரப்புதான். மூக்கும் இறகும் கூர்மையாக இருக்கும் காசுகூடப் புழங்கித் தேய்ந்ததாக இருக்கலாம். தேய்மானத்தைப் பார்த்துத் தரச்சான்று நிறுவனம் தரும் தர எண் ஒன்றாகவே இருந்த இரண்டு காசுகளைக் கடையில் கையில் எடுத்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றில் ஒளி அந்த வெற்றுப் பரப்பு முழுவதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றதில் கழுத்துக்கு முன்னால் வந்ததும் அணைந்துபோனது. படத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். விலையும் ஒன்றே.

ஒரு மனக்குறை: தரச்சான்று தந்த நிறுவனம் காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டது. விரலால் தடவினால் மட்டும் புரியும் காசு இது. பெட்டியின் வெள்ளை வளையம் ஓரத்தையும் மறைக்கிறது. அதற்காக ஒரு மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நான்கு.

என் மாமியார் பார்த்துவிட்டு, “ஒரு வளையம் பற்றவைத்தால் காசுமாலையில் கோத்துவிடலாமே” என்றார். அவர் மட்டுமல்ல, அமெரிக்கர்களும் இந்தச் சின்னக் காசைப் பதக்கமாக்கி அணிந்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியில் இல்லாத காசை வாங்கும்போது ஓரம் முழுவதையும் உருப்பெருக்கியால் பாருங்கள். பற்றவைத்த தழும்பு இருந்தால் சேகரிப்பாளர் மதிப்பு போயிற்று, தங்கத்தின் விலைதான் மிஞ்சும்.

1908 முதல் 1915 வரையும், பிறகு 1925 முதல் 1929 வரையும் அடித்தார்கள். நாணயச் சாலை வாரியாகச் சேர்த்தாலும் மொத்தம் 15 காசுகளே. பொறுமை இருந்தால் ஒருவர் முடிக்கக்கூடிய தொகுப்பு. இடையில் நிற்கும் மலை டென்வர் நாணயச் சாலையில் அடித்த 1911 காசு. அடித்தது 55,680 மட்டுமே. கழுகின் பக்கத்தில், அம்பு முனைகளுக்கு இடப்புறம் ‘டி’ என்ற சிறிய எழுத்து இருக்கும். என்னிடம் உள்ளது போன்ற பிலடெல்பியா காசில் அந்த எழுத்தை ஒட்டி விற்றவர்கள் உண்டு. சான்றில்லாத டென்வர் காசை யார் நீட்டினாலும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.