ஹெச்.எம். கனவா, ஆபீஸ் இலக்கா, பெற்றோர் தீர்மானமா: வடசென்னைப் பள்ளியில் எது நிலைக்கும்?

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஓர் அரசுப் பள்ளிக்குப் புதிதாகத் தலைமையாசிரியராக (ஹெச்.எம்.) போகிறவர், நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்: "இந்தப் பள்ளிக்கூடத்தை என்ன பண்ணப் போறீங்க சார்?" ஆசிரியர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள், பெற்றோர் நேராகவே கேட்பார்கள்.

இதற்கான பதில் பொதுவாக மூன்று இடங்களிலிருந்து வருகிறது. மேலிடத்திலிருந்து வரும் தேர்ச்சி இலக்கையே பள்ளியின் நோக்கமாக எடுத்துக்கொள்வது ஒன்று. ஹெச்.எம். தன் மனசில் இருக்கும் பள்ளியை வரைந்து அதை நோக்கி எல்லாரையும் இழுப்பது இன்னொன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உட்கார்ந்து அங்கிருந்து நோக்கத்தை எடுப்பது மூன்றாவது. எது உயர்ந்த சிந்தனை என்று நான் பார்க்கப் போவதில்லை. பொது மாறுதல் கலந்தாய்வில் ஹெச்.எம். வேறு ஊருக்குப் போனபிறகு, அடுத்த ஜூனில் அந்தப் பள்ளியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் அளவுகோல். பதவி உயர்வில் வருகிறவர்களில் பலருக்கு ஓய்வுக்குச் சில ஆண்டுகளே பாக்கி. அதனால் இது வீண் கவலை இல்லை.

முதலில் தேர்ச்சி இலக்கு. இதை இளக்காரமாகப் பேசுவது இப்போது ஒரு மோஸ்தர். ஆனால் இதில் நல்லதும் உண்டு. எல்லாருக்கும் புரியும், யாரும் வாதாட முடியாது. 35 மார்க் எடுத்தால் பாஸ் என்பதை விளக்கக் கூட்டம் போடத் தேவையில்லை. மெல்லக் கற்போர் பட்டியல், காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலைத் தேர்வு என்று நடைமுறையும் கைவசம் தயாராக இருக்கிறது. அதனால் பிழைத்த பிள்ளைகள் நிறைய. மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. அப்புறம் போட்டி கொஞ்சம் தணிந்தாலும், "100 சதவீதத் தேர்ச்சி" பேனர் மட்டும் பள்ளி வாசலை விட்டு இறங்கவில்லை.

சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. சதவீதத்தை உயர்த்த இரண்டு வழி. பாஸ் ஆகிறவர்களைக் கூட்டலாம், அல்லது பரீட்சை எழுதுகிறவர்களைக் குறைக்கலாம். இரண்டாவது சுலபம். கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், கத்தி விழுவது ஒன்பதாம் வகுப்பில். தீபாவளி சீசனில் எம்.சி. ரோடு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டு, ஆப்சென்ட் குவிந்து திரும்பி வருகிற பையனிடம் "டீ.சி. வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருப்பா" என்று யாரோ மெதுவாகச் சொல்வார்கள். ரிசல்ட் வரும்போது அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இன்னொன்று, பத்தாம் வகுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் பள்ளியில் ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை நாலு வருஷம் யார் கண்ணிலும் படாது.

டிரான்ஸ்ஃபரைத் தாண்டி இந்த இலக்கு நிற்குமா என்றால், நிற்கும். ஏனென்றால் அது அந்தப் பள்ளியுடையதே இல்லை. திருவொற்றியூருக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே இலக்கு. அதை ஒரு கடமையாக வைத்துக்கொள்ளலாம், பள்ளியின் நோக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஹெச்.எம்.மின் சொந்தக் கனவு. இதற்கு வேகம் உண்டு. நல்ல ஹெச்.எம். ஒருவர் வந்தால் ஒரே பருவத்தில் பள்ளியின் முகம் மாறுவதை இந்தப் பக்கத்து மக்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். கேட்டருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், முதல் பீரியடை வாசிப்புக்கு ஒதுக்குவார், பூட்டிக் கிடந்த நூலகத்தைத் திறப்பார். ஸ்டாஃப் ரூமில் அப்போதே இன்னொரு பேச்சும் ஓடும்: "இவர் மூணு வருஷம் இருப்பார், அப்புறம் பாத்துக்கலாம்." இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ திட்டங்கள் வந்து போனதைப் பார்த்தவர்களின் அனுபவக் கணக்கு அது. அவர் மாறிப் போனதும் நூலகச் சாவி பழைய இடத்துக்கே போய்விடும்.

தனி மனிதரின் கனவு நிலைத்ததே இல்லையா? நிலைத்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் எவர் பெயரில் கல்லூரி இருக்கிறதோ, அந்தச் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. அவர் அதைப் பேச்சோடு விடவில்லை. மன்றத்தில் தீர்மானமானது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் என்று செலவுக்கும் வரம்பு எழுதினார்கள். முதலில் ஒரே பள்ளி, அப்புறம் இன்னும் சில பள்ளிகள். 1925இல் அன்றைய அரசு பணத்துக்குத் தடை போட்டதும் அது நின்றும் போனது. பின்னால் வந்தவர்கள் அதை மறுபடி எடுக்க முடிந்ததற்குக் காரணம், அது ஒருவர் மனசில் மட்டும் இல்லாமல் மாநகராட்சி ஏட்டிலும் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அப்படி ஏட்டில் ஏற்றும் வேலைக்கு இன்று ஹெச்.எம்.முக்குக் கையில் இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பது இந்தக் குழு. பல இடங்களில் நடப்பது என்ன? திட்டம் ஏற்கெனவே டைப் ஆகி இருக்கும், அம்மாக்கள் வந்து கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஆபீஸில் தகவல் ஏற்றியாயிற்று, வேலை முடிந்தது.

உண்மையாக நடத்தினால் இதைவிடக் கடினமான வழி வேறில்லை. காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து மீன் விற்கும் அம்மாவுக்கு ஞாயிறுதான் வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். கட்டட வேலைக்குப் போகும் அப்பாவுக்கோ ஞாயிறு ஒன்றுதான் லீவு. வெள்ளிக்கிழமை பலர் மீன் வாங்குவதில்லை. அதனால் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலையில் வைத்தால் மீன்கார அம்மாக்கள் வருவார்கள், கூலிக்காரர்கள் வரமாட்டார்கள். யாருக்கு எந்த நாள் என்று ஹெச்.எம். முதலில் விசாரிக்க வேண்டும். இந்த விசாரிப்பே பாதி வேலை. வந்தவர்களும் "பள்ளியின் எதிர்காலம்" பற்றிப் பேச மாட்டார்கள். கழிவறையில் தண்ணீர் வரவில்லை, பள்ளி விடும் நேரத்தில் கன்டெய்னர் லாரி நிற்காமல் போகிறது, வாசலில் நாய் என்பார்கள். வார்டு அரசியலும் உள்ளே வரும், பழைய தெருச் சண்டையும் வரும்.

பொறுமையாகக் கேட்டால் நடுவே ஓர் அம்மா சொல்வார்: "எங்க பொண்ணு ஆறாவது படிக்குது, ஒரு பேப்பர் படிக்கச் சொன்னா திக்குது சார்." பள்ளிக்கான நோக்கம் அங்கே கிடைத்துவிட்டது. "இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிக்கிற எந்தப் பிள்ளையும் தினத்தந்தியில் ஒரு செய்தியைத் தடுமாறாமல் படிக்கும்" என்று தீர்மானப் பதிவேட்டில் ஒரே வரியாக எழுதிவிடலாம். நிறைவேறியதா என்று பார்க்க அதிகாரி வரவேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட வீட்டில் பேப்பரைக் கொடுத்துக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஹெச்.எம். மாறினாலும் அந்த அம்மா அதே தெருவில்தான் இருப்பார், அவருடைய அடுத்த பிள்ளை இதே பள்ளிக்குத்தான் வரும். 2024இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு பள்ளியின் ஞாபகத்தை நீட்டிக்க அது உதவும்.

அரசுப் பள்ளிக்கு என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்குத்தான். ஆனால் ஹெச்.எம். வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனால் கழிவறையோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்கென்று ஒரு எண்ணம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிற அடக்கமும் வேண்டும். கழிவறைத் தண்ணீரையும் மறக்கக் கூடாது. அதை அடுத்த கூட்டத்துக்குள் சரிசெய்யாத ஹெச்.எம். வாசிப்பைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்?

நடைமுறைக்கு வந்தால் காலண்டரை ஊர் பார்த்துப் போட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் மீனவக் குடும்பங்களில் கடன்தான் இருக்கும், காசு இருக்காது. அந்த மாதம் எதற்கும் வசூல் என்று வாய் திறக்கக் கூடாது. அக்டோபர் பிறந்தால் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. ஆக உருப்படியாக வேலை நடக்கிற காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். அதற்குள் ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவில் தொடங்கி, மனமுள்ள ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். முழுப் பள்ளியிலும் ஒரே நாளில் தொடங்கினால் நாலு ஆசிரியர்கள் செய்வார்கள், மற்றவர்கள் நோட்டில் எழுதி வைப்பார்கள்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு: கம்பெனியோ அறக்கட்டளையோ தன் திட்டத்தோடு வருவது. ஸ்மார்ட் போர்டு, பெயின்ட், சுவரில் வரைந்த சூரிய மண்டலம். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. பள்ளி எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் கையில் விடக் கூடாது.

மேலே சொன்னதெல்லாம் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு. வடசென்னையில் மிஷன்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் பழைய அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கே கணக்கு மாறுகிறது. 2012இல் வந்த சட்டத் திருத்தப்படி உதவிபெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. ஹெச்.எம்.மும் பெரும்பாலும் அந்த நிர்வாகத்துக்குள்ளேயே வளர்ந்தவராக, பல ஆண்டுகள் இருக்கப் போகிறவராக இருப்பார். அங்கே இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஹெச்.எம். தன் கனவைத் தானே எழுதலாம். பெற்றோர் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் முன் அதில் தாளாளரின் கையெழுத்தும், முதல் ஆண்டுச் செலவுக்கான தொகையும் இருக்கட்டும்.