மெஸ்டிஸா, ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கானா?

இரண்டுமே ஐஸ் ஹாக்கியின் இரண்டாம் அடுக்கு லீக்குகள். பின்லாந்தின் மெஸ்டிஸ் 2000-இல் பிறந்தது, சுவீடனின் ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கான் 2005-இல் ஒரே தேசியப் பிரிவானது. வேறுபாடு மேலே ஏறும் கதவில்தான் இருந்தது.

சுவீடனில் ஆடி ஜெயித்தால் மேலே போகலாம். யுர்கோர்டன் அணி 2012-இல் மேல் லீக்கிலிருந்து கீழே விழுந்து 2014-இல் திரும்பியது. ப்ரூனேஸ் அணி 2023-இல் விழுந்து மறு ஆண்டே ஏறிவிட்டது.

பின்லாந்தில் மெஸ்டிஸ் தொடங்கியபோதே மேல் லீக் கதவை மூடிக்கொண்டது. மிக்கேலி நகர யுகுரிட் அணி மெஸ்டிஸின் முதல் மூன்று பட்டங்களையும் வரிசையாக வென்றும் அங்கேயே கிடந்தது. 2016-இல் மேல் லீக்கில் இருந்த எஸ்போ நகர ப்ளூஸ் அணி திவாலாகி, ஓர் இடம் காலியான பிறகே ஏறியது. கோப்பைக்கு மதிப்பு வேண்டுமென்றால் சுவீடன் முறையே மேல். ஆனால் கீழே விழும் பெரிய அணிக்கு அங்கே வருமானம் சட்டென்று சரியும்.